ஏழு வீட்டுக்கு ஒரே இணைப்பு

அந்த நார்வே தீவில் ஏழு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்புதான். அதைக் கவனிக்கும் வேலையை இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் குன்வோர் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றுமுதல் அவள் காபி குடிக்க உட்கார்ந்தாலே போன் அடித்தது.

"நெட் ஊருது குன்வோர். நீ என்னதான் பார்த்துக்கிட்டிருக்க?"

வெறுத்துப்போய் ஒருநாள் ரௌட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை வரிவரியாகப் பார்த்தாள். பெயரில்லாத ஒரு டேப்லெட் நாள் முழுக்கப் பாதி இணைப்பை விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் வேகத்தை அடியோடு குறைத்தாள்.

கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டு டோர்லைஃப் ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்றார். அவர் மனைவி ஆஸ்லௌக் நான்கு மாதமாக அக்கரை நகரத்து மருத்துவமனையில் இருந்தாள்.

"ஆஸ்லௌக் முகம் திரையில அப்படியே நின்னுபோச்சு. என்னன்னு பாரேன்."

"நாள் முழுக்க அப்படி என்ன பேசுவீங்க?"

"பேச்சு ஒண்ணும் இல்ல. நான் உருளைக்கிழங்கு உரிப்பேன், பாத்திரம் கழுவுவேன். அவ பார்த்துக்கிட்டே படுத்திருப்பா."

குன்வோர் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினாள். தன் வீடு உட்பட மற்ற ஆறு வீடுகளின் வேகத்தைக் குறைத்தாள்.

சாயங்காலத்துக்குள் மூன்று பேர் அழைத்துத் திட்டினார்கள்.

"யாரு நெட்டை இழுக்கறாங்கன்னு கண்டுபிடிச்சியா இல்லையா?"

"இல்ல! அடுத்த வருஷம் இந்த வேலைய நீங்களே பாருங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.