மெரூன் நிறத்தில் மூன்று உருண்டை

இன்றைய நிலவரப்படி என் ஊசிகளில் நான்கு உருப்படிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. முதலாவது சாம்பல் நிற மஃப்ளர். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி வண்டியில் பின்னுவதற்கென்றே வைத்திருக்கிறேன். வண்டி நின்றால் அது நீளும், ஓடினால் நீளாது. பெங்களூரு போக்குவரத்தின் கருணையால் ஏழடியைத் தாண்டிவிட்டது. இரண்டாவது ஓர் ஒற்றைக் காலுறை. மூன்றாவது தங்கையின் பேத்திக்கு ஆரம்பித்த குல்லா. அந்தக் குழந்தை இப்போது எல்.கே.ஜி. போகிறது. நான்காவது மனைவிக்கான பச்சை கார்டிகன். “அது வளரும், காய்க்காது” என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

நூல் விஷயத்தில் எனக்குக் கொள்கைகள் உண்டு. அக்ரிலிக் துவைக்கச் சுலபம், ஆனால் கழுத்தை அரிக்கும். மெரினோ மெத்தென்று இருக்கும், வாங்கிய பிறகு ஊசியில் ஏற்றத் தைரியம் வராது. இந்த ஊரின் இப்போதைய வெயிலுக்குப் பருத்திதான் சரி; அது பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க இருக்கிறது. ஓய்வு பெற்றதும் கட்டில் அளவுக்கு ஒரு போர்வை பின்னுவதாகத் திட்டம். திட்டங்களில் நான் கெட்டிக்காரன்.

இப்படிப்பட்ட சோம்பேறியிடமும் ஓர் ஒழுக்கம் உண்டு. நூலுருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையில் லாட் எண்ணைப் பார்க்காமல் வாங்க மாட்டேன். ஒரே கம்பெனி, ஒரே நிறம் என்றாலும் வெவ்வேறு தடவை சாயத்தில் முக்கியவை வெவ்வேறு நிறமாகத்தான் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரப் பையன்கள், “பர்ஃபெக்‌ஷன் பார்க்கிறார் அங்கிள்” என்கிறார்கள். அதெல்லாம் இல்லை. அந்த எண்ணின் மகிமை எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அப்போது இதே ஊரில் நீலசந்திராவில் ஒற்றை அறையும் சமையலறையுமான வீட்டில் இருந்தோம். அம்மா ஒரு துணிக் கம்பெனியில் பட்டன் வைக்கப் போவாள். மாலையில் வந்து காபி குடித்ததும் ஊசியை எடுத்துவிடுவாள். அவள் புதிய நூலில் எனக்கென்று எதையும் பின்னியதில்லை. யாருக்காவது பின்னியது அளவு தப்பினாலோ கண்ணி நழுவிக் கெட்டாலோ அதைப் பிரித்து, சுருண்ட நூலைத் தண்ணீரில் நனைத்து, நாற்காலி முதுகில் இழுத்துச் சுற்றிக் காயவைத்து, என் அளவுக்குப் போட்டுக் கொடுப்பாள். ஆக, பெரியவர்களுடைய ஸ்வெட்டர் கெட்டால் அது எனக்கு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கெடுவதற்காக நான் ஆர்வத்தோடு காத்திருப்பேன்.

மாமா என்றொருவர் இருப்பதே எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. அம்மாவின் அண்ணன். தாய் தகப்பன் போன பிறகு அம்மாவை வளர்த்தவர். அம்மா வேதக்காரி, அப்பா ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற குடும்பம். அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று மாமா கதவைச் சாத்தினவர், பதினோரு வருஷமாகத் திறக்கவில்லை. அவர் இருந்தது ஏதோ தூர தேசம் அல்ல, பிரேசர் டவுன். பேருந்தில் அரைமணி நேரம்.

மாமா போகிற சர்ச்சுக்குத்தான் எதிர்வீட்டு டீச்சரும் போவார். அக்டோபர் மாதம் ஒருநாள் அவர் எங்கள் வாசலில் நின்று சொன்னார்:

“உங்கண்ணனுக்கு ஒரே இருமல்மா. குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கோங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. ‘எந்தங்கச்சி போட்டது கிழிஞ்சு போச்சு டீச்சர், கடையில விக்கிறது எனக்கு ஒத்துக்காது’ங்கறாரு.”

மறுநாள் அம்மா ஒரு பை நிறைய மெரூன் நூலோடு வந்தாள். கிறிஸ்துமஸ் அன்று எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. கம்பெனியில் சாப்பாட்டு வேளையில்கூடப் பின்னினாள். நூறு வாட்ஸ் பல்பின் கீழ் அந்த மெரூன் மினுமினுத்ததைப் பார்த்து நான் உருகிப்போனேன். முகம் தெரியாத ஒரு மாமாவுக்கு இப்படியொரு நிறமா?

இடது கை பாதியில் நூல் தீர்ந்தது. மூன்று உருண்டை போதும். அம்மா பழைய பட்டையை என் சட்டைப் பையில் வைத்தாள்.

“பாய் கடையில இதே நம்பர் பாத்து வாங்கு. நம்பர் மாறுச்சுன்னா கலர் மாறிடும், ஸ்வெட்டரே பாழு. புரியுதா?”

நன்றாகப் புரிந்தது. ‘ஸ்வெட்டரே பாழு’ என்பதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அலமாரியைக் குடைந்து, சரியான மூன்றை எடுத்து வைத்தார். நான் பக்கத்து அட்டைப் பெட்டியிலிருந்த வேறு மூன்றைக் காட்டினேன்.

“அது வேற லாட், பேட்டா.”

“அம்மா அதைத்தான் வாங்கியாரச் சொன்னாங்க.”

“அம்மா சொன்னாங்களா? அப்புறம் மாத்த வரக் கூடாது, ஆமா!”

வழியிலேயே மூன்று பட்டைகளையும் உருவிச் சாக்கடையில் போட்டேன். பட்டை எங்கே என்று அம்மா கேட்டாள். விழுந்துவிட்டது என்றேன்.

“பாய் நம்பர் பாத்துத்தானே குடுத்தாரு?”

“பாத்துத்தான் குடுத்தாரு.”

இந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தும் பொய்யில்லை என்று அப்போது பெருமைப்பட்டுக்கொண்டேன். பிற்காலத்தில் அலுவலகத்தில் அறிக்கைகள் எழுதி முன்னேறியதற்கு அதுதான் பயிற்சி.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை, ஸ்வெட்டரை அலசி மாடியில் போட்டாள் அம்மா. நான் பின்னாலேயே போனேன். வெயில் ஏற ஏற இடது கை மட்டும் முழங்கைக்குக் கீழே செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டே போனது. அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள், நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள், மறுபடி வெயிலில் பிடித்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா சமாதானம் சொன்னார். “எடுத்துக்கிட்டுப் போ. உங்கண்ணன் கண்ணுக்குத் தெரியவா போவுது?”

“அவரு கட்டிங் மாஸ்டருங்க. இருட்டுல தொட்டே கலர் சொல்லுவாரு.”

“சும்மாவாச்சும் போயிட்டு வா.”

“பதினோரு வருஷம் கழிச்சு வெறுங்கையோட போயி நிக்கச் சொல்றீங்களா?”

அவள் போகவில்லை. தப்பான நூலைக் கொடுத்தவர் என்று பாயைத் திட்டித் தீர்த்து, இனி அந்தக் கடைப் படி மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தாள். சிவாஜிநகர் வரை வேறு கடைகளில் தேடினாள். கிடைக்கவில்லை. சரியான மூன்று உருண்டைகளும் இரண்டு தெரு தள்ளி பாயின் அலமாரியிலேயே இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. ஈஸ்டருக்கு நீலத்தில் புதிதாக ஒன்று போட்டு எடுத்துப் போகலாம் என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள். மெரூனைப் பிரித்தாள். ஜனவரி முடிவதற்குள் அது என் உடம்பில் இருந்தது. வகுப்பிலேயே என்னுடையதுதான் அழகு.

ஈஸ்டர் வரை மாமா இருக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, டீச்சர் ஓடிவந்து அம்மாவை உள்ளே அழைத்துப் போனார்.

அந்த வீட்டை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். கதவு அகலத் திறந்திருந்தது. மாமா கோட்டுப் போட்டுப் படுத்திருந்தார். ஒடிசலான ஆள், அம்மா மனக்கணக்கில் பின்னிய அளவில் இன்னொருவரையும் உள்ளே வைக்கலாம். எப்படியும் தொளதொளவென்றுதான் இருந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அம்மா சுவரோரமாக நின்றாள். மாமாவின் மனைவி, என் அத்தை, அவள் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தில் தள்ளுப்பட்டு நான் அத்தையின் முழங்காலருகே போய்ச் சேர்ந்தேன். அவர் என் கையைப் பிடித்தார். ஸ்வெட்டரின் விளிம்பை விரல்களால் தடவினார்.

“யாரு போட்டது இது?”

“எங்கம்மா. மாமாவுக்குத்தான் போட்டாங்க. கிறிஸ்துமஸுக்குக் கொண்டாரதுக்கு. கை கலர் மாறிப்போச்சு, அதான் எனக்கு.”

அத்தை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார்.

“அன்னிக்கு ராத்திரி வரைக்கும் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரே! ‘டீச்சர் சொல்லியிருப்பாங்களே, இன்னும் காணோமே’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரேடி!”

அம்மா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அத்தை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அது எதற்கென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். மாமாவுக்கென்று ஸ்வெட்டர் போட்டார்கள், அது எனக்குக் கிடைத்தது, அத்தைக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

“அழாதீங்க அத்தை. நான் அம்மாகிட்ட சொல்றேன். உங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுப்பாங்க” என்றேன்.

சொல்லிவிட்டு, எவ்வளவு நல்ல பிள்ளை என்று யாராவது சொல்வார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன்.