வானத்திலிருந்து விழாத குண்டு

எங்கள் கரக் ஊர்ப் பக்கம் கல்யாணம் என்றால் வானத்தைப் பார்த்துச் சுடாமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. சட்டம் போட்டுப் பார்த்தார்கள், கேட்டால்தானே! அதனால் என்னோடு சவக்கிடங்கில் வேலை பார்த்த முஃப்லிஹுக்கு ஓய்வே கிடையாது. குண்டுக் காயத்தைப் பார்த்து, துப்பாக்கி எவ்வளவு கிட்டே இருந்தது என்று சொல்வது அவன் வேலை. கொஞ்சம் கர்வக்காரன். பொய்ச்சாட்சி சொல்கிறவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவான்.

அவன் பெரியப்பா துர்க்கியின் மகன் நாயிஃபுக்குக் கல்யாணம். விருந்துக்கு வந்த ஷாஹிர் கழுத்தடியில் குண்டு பட்டுச் செத்துப்போனான். உடல் முஃப்லிஹிடமே வந்தது. சொந்தக்காரர் வழக்கு என்று அவன் ஒதுங்கியிருக்க வேண்டும், ஒதுங்கவில்லை. காயத்துக்குள் கரி படிந்திருந்தது. எரியாத வெடிமருந்துத் துகள்கள் சதையில் ஒட்டியிருந்தன. தூரத்துக் குண்டு இவற்றைக் கொண்டுவராது. ஷாஹிரை ஒட்டி நின்று கைத்துப்பாக்கியைச் சுழற்றி ஆடியவன் மாப்பிள்ளை ஒருவன்தான். முஃப்லிஹ் அதற்குக் கைதட்டியிருக்கிறான்.

"நீ ஒண்ணும் பேச வேணாம்டா. சும்மா கூட வந்து உக்காரு, போதும்," என்றார் பெரியப்பா, அவன் கண்டதைச் சொன்னதும்.

சமாதானம் கேட்டுப் பெரியவர்கள் நாயிஃபையும் முஃப்லிஹையும் கூட்டிக்கொண்டு ஷாஹிர் வீட்டுக்குப் போனார்கள். காப்பி வந்தது. கேட்டது கிடைக்கும்வரை அதை யாரும் தொடக் கூடாது; குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"எங்கேயோ சுட்ட குண்டு மேலேருந்து விழுந்திருக்கு, ஆயித். அல்லாவோட விதி. வழக்கு வேணாம்னு சொல்லிடு," என்றார் துர்க்கி.

ஷாஹிரின் அப்பா ஆயித், முஃப்லிஹைப் பார்த்தார்.

"காயத்தைப் பாத்தவனே உங்ககூட வந்து உக்காந்திருக்கான். அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல? குடிங்க."

எல்லாரும் குடித்தார்கள். முஃப்லிஹும் குடித்தான். நிமிர்ந்து அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆயித் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, மேலேருந்து விழுந்த குண்டுன்னா எம் பையன் அதைப் பாத்திருக்க மாட்டான்ல? பயந்திருக்க மாட்டான்ல?"

மாட்டான் என்று சொல்லத்தான் முஃப்லிஹ் வாயைத் திறந்தான்.

"பாத்திருப்பான், மாமா. துப்பாக்கி சாண் தூரத்துலதான் இருந்துச்சு."

"டேய்," என்று துர்க்கி எழுந்தார். நாயிஃப் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

ஆயித் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. முஃப்லிஹின் கையிலிருந்த காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதான் குடிச்சியா?" என்று கேட்டார்.