எடின்பரோவில் வாங்கிய சால்வை

என் ஓரகத்திக்கு எடின்பரோ நகரைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தபோது நான் முகம் சுளிக்கவில்லை. ஆறு வருஷமாக அவள் என் கையில் மாட்டக் காத்திருந்தவள் நான்.

என் மகள் கல்யாணத்தில் இவள், மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகூர்த்தப் புடவையைப் புரட்டி, கரையின் பின்பக்கத்தைத் தடவி, சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி, "இது பவர்லூம்பா, கோர்வையே இல்ல" என்றாள். அந்தப் புடவையை நெய்தவர் என் கணவர். மறுபக்கக் கரைக்கு ஊடை இழை ஓட்டும் நாடாவைப் போட்டவள் நான். உடலையும் கரையையும் இழை இழையாகக் கோர்த்த புடவை அது. அவர் பந்தியில் உட்காரவே இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இவளை இதேபோல் சபையில் வைத்துத்தான் கேட்பேன் என்று.

மகன் வேலை பார்க்கும் ஊர் என்பதால் நான் எடின்பரோவில் இருந்தேன். லண்டனில் தன் மகள் வீட்டுக்கு வந்திருந்த அவள், ஒரு நாள் பார்த்துவிட்டுப் போக ரயிலில் வந்து இறங்கினாள். பாறை உச்சியில் இருக்கும் கோட்டைக்கு வேண்டுமென்றே மழையில் நடத்தியே கூட்டிப்போனேன். மூச்சு வாங்கினாள். எனக்கு நன்றாக இருந்தது. சரியாக மதியம் ஒரு மணிக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அலறிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். மெதுவாக உருவிக்கொண்டேன்.

இறங்கும் வழியில் ஒரு சால்வைக் கடை. வாசலில் கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆள் குழல் செருகிய பையை அக்குளில் இடுக்கி ஊதிக்கொண்டிருந்தான். காஞ்சிபுரத்துக்காரி எந்த ஊருக்குப் போனாலும் துணியின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்கமாட்டாள். அவளும் ஒரு சால்வையைப் புரட்டி, தடவி, "கைத்தறிதாம்மா, பாத்தாலே தெரியுது" என்றாள். நானும் ஓரத்தைப் பார்த்தேன். கையால் நாடா போட்டால் குறுக்கே ஓடும் ஊடை இழை ஓரம்வரை போய்த் திரும்பி வரும். இங்கே ஒவ்வொரு இழையும் வெட்டி உள்ளே செருகப்பட்டிருந்தது. அப்பட்டமான மிஷின்.

"அசல் கைத்தறிதான்க்கா, எடுத்துக்கோங்க" என்றேன்.

கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்து வாங்கினாள். அடுத்த மாசம் அவள் வீட்டுக்காரரின் அறுபதாம் கல்யாணம். அதைப் போர்த்திக்கொண்டு மினுக்கிக்கொண்டு வருவாள், எல்லார் முன்னாலும் புரட்டிக் காட்டலாம். என்ன சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் ஊர் வந்தேன்.

அறுபதாம் கல்யாணத்தன்று சால்வை அவள் தோளில் இல்லை, மடித்துக் கையில் வைத்திருந்தாள். தாலி கட்டி முடிந்ததும் மைக்கை வாங்கினாள். "நம்ம தம்பி கைவேலைய அன்னிக்கு நான் தப்பா பேசிட்டேன். அத மனசுல வச்சிக்கினே இத்தன வருசம் இருந்தேன். அவர் கைக்கு ஏத்த துணியாப் பாத்து வாங்கினு வந்துக்கிறேன்" என்று சொல்லி, அந்தச் சால்வையை என் கணவருக்குப் போர்த்தினாள்.

சபையே கை தட்டியது. அவர் விரல்கள் தம்பாட்டுக்கு ஓரத்துக்குப் போயின. அங்கேயே நின்றன.

"நல்லா இருக்குது அண்ணி" என்றார்.

மகள் கல்யாணத்தன்று வந்த கோபத்தைவிட அப்போது எனக்கு அவள்மேல் அதிகம் கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்டு, எனக்கு மிச்சமிருந்த ஒரே நியாயத்தையும் பிடுங்கிக்கொண்டாளே!

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்டார்: "நீயும் பாத்துட்டு கைத்தறின்னு சொன்னியாமே, அண்ணி சொன்னாங்க."

"அது உங்களுக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன்.

 மறுநாள் விடிந்ததும் அவர் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்கள் எல்லாரும் ஓரத்தைப் பார்த்தே தறியைச் சொல்லிவிடும் நெசவாளிகள்.