கழுகு மறுபடி மேலே ஏறினார்

கட்டட வேலைத்தளங்களில் பதினெட்டு வருடங்கள் கிரேன் ஓட்டியவர் அவர். முப்பது மாடி உயரத்துக் கேபினில் இருந்துகொண்டு, கீழே கிடக்கும் தண்ணீர் வாளியைக்கூடத் தளும்பாமல் தூக்கிவிடுவார் என்பதால் ‘கழுகு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பேர்ப்பட்டவர், ஐந்து மாதமாக மொட்டை மாடியில் துணி காயப்போடக்கூட ஏறுவதில்லை.

ஒரு காலையில் நடந்த விபத்துதான் காரணம். கம்பிக் கட்டு ஒன்றை அவர் தூக்கியபோது, அதைத் தாங்கிய இரண்டு வடங்களில் ஒன்று அறுந்தது. பாதிக் கம்பிகள் சரிந்து விழுந்ததில், கீழே நின்று சைகை காட்டிக்கொண்டிருந்த மச்சானின் கால் முறிந்தது. மச்சான் என்றால் மனைவியின் சொந்தத் தம்பி. பழுது வடத்தில்தான் என்று விசாரணையில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். ஆனாலும் கிரேன் ஏணியில் கால் வைத்ததும் கழுகுக்கு உடம்பு வெடவெடத்தது. மச்சானை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று சொந்தக்காரர்கள் வாய் கூசாமல் பேசினார்கள்.

“மனசுல இருக்கிறதப் பேசுறதுக்குன்னே ஒரு ஆலோசகர் இருக்காங்களாம். போயிட்டு வாங்க” என்றாள் மனைவி.

“பேசுறதுக்கு வெளில வேற போகணுமா? அதான் வீட்ல நீயே ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுறியே.”

“அதான் சொல்றேன். உங்க பங்க அங்க போய்ப் பேசுங்க.”

இரண்டு நாற்காலியும் ஒரு ஜன்னலும் இருந்த சின்ன அறை. முதல் இரண்டு தடவையும் கழுகு வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தார். ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது தடவை கழுகு விபத்தைச் சொல்ல ஆரம்பித்தார். “வடம் அறுந்துச்சு...” என்றதோடு நிறுத்திக்கொண்டார். நான்காவது தடவை, அதற்கு மேலும் ஒரு வார்த்தை வந்தது.

“கண்ண மூடிட்டேன் மேடம். அவன் கீழ நிக்கிறான், நான் மேல கண்ண மூடிட்டேன். இத என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல.”

நாற்பத்தாறு வயது மனிதர், குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆலோசகர் அவரை அழவிட்டார். ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: “சரி. திறந்ததும் என்ன பாத்தீங்க?”

கழுகு திகைத்துப்போனார். ஐந்து மாதமாக அந்தக் காலையை ஆயிரம் தடவை மனதில் ஓட்டியிருந்தார். ஒவ்வொரு தடவையும் கண் மூடிய இடத்திலேயே நிறுத்தியிருந்தார். அதற்குப் பின்னாலும் ஏதோ நடந்தது என்பதே அவருக்கு மறந்திருந்தது.

“மிச்சக் கம்பி ஒத்த வடத்துல தொங்கிச்சு,” என்றார் மெல்ல. “அதுக்கு நேர் கீழ ஆறு பேரு. பிரேக்குல இருந்து கைய எடுக்கல. அப்படியே அந்தப் பக்கம் திருப்பி... மணல் மேட்டுல எறக்கினேன்.”

“யார் எறக்கினது?”

“நான்தான்.” சொல்லிவிட்டு அவரே தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “நான்தான் மேடம்.”

அன்றைக்கு நேராக மச்சான் வீட்டுக்குப் போனார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு கதவைத் திறந்தவனிடம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கண் மூடியதைச் சொல்லிவிட்டார்.

“அட போங்க மாமா!” என்றான் மச்சான். “நான் மட்டும் என்ன முழிச்சிக்கிட்டா இருந்தேன்? நானுந்தான் இறுக்கி மூடிக்கிட்டேன்! ஆனா ஒண்ணு, அஞ்சு மாசமா நீங்க வராம இருந்தீங்க பாருங்க, அதுதான் காலவிட வலிச்சிச்சு.”

கழுகு அவனைக் கட்டிக்கொண்டார். உள்ளே அழைத்துப்போன மச்சான், போன் போட்டு வரச்சொன்ன அக்கா வந்து சேரும்வரை அவரை விடவில்லை.

பிறகும் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆலோசகரோடு பேசித் திட்டம் போட்டுக்கொண்டு, முதல் வாரம் ஏணியில் பத்துப் படி ஏறி இறங்கினார். அடுத்த வாரம் முதல் தளம். ஒருநாள் பாதியில் கை வியர்த்துத் திரும்பி வந்தார். மறுநாள் அதைத் தாண்டினார்.

இரண்டு மாதம் கழித்து, கட்டடத்தின் உச்சிக்கான இரும்பு உத்தரத்தைத் தூக்கும் நாளில், கேபினில் உட்கார்ந்திருந்தது கழுகுதான். மச்சானின் கால் கூடிவிட்டிருந்தது. கூரை விளிம்பில் நின்று வாக்கிடாக்கியில் பேசியது அவன்தான்.

“இன்னும் கொஞ்சம் மாமா... மெதுவா... அப்படியே!”

கழுகு இமைக்காமல் பார்த்தபடி, விரலளவு விரலளவாக இறக்கினார். உத்தரம் தன் இடத்தில் நச்சென்று உட்கார்ந்தது. நான்கு போல்ட்டுகளும் தட்டாமல் உள்ளே போயின. தலைக்கவசங்களைக் கழற்றி ஆட்டியபடி ஆட்கள் போட்ட கூச்சல், மூடிய கண்ணாடியையும் தாண்டிக் கேபினுக்குள் வந்தது. கழுகு ஜன்னலைத் திறந்து, தானும் வாய்விட்டுக் கத்தினார்.