மைக் இல்லாத காமிரா

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். ஆர்.எஸ்.புரத்தில், ஹார்ட் டிஸ்க்கில் அழிந்துபோனதை மீட்டுத் தருகிற கடை வைத்திருக்கிறேன். டெலிட் ஆனதை எடுக்கலாம், ஃபார்மேட் செய்ததைக்கூட சில சமயம் எடுக்கலாம், ஆனால் அதன்மேல் வேறு எதையாவது பதிந்துவிட்டால் கதை முடிந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காரமடைப் பக்கமிருந்து பொன்னுச்சாமி என்று தென்னந்தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் வந்தார். காலேஜ் படித்த மகள் கோகிலா விபத்தில் இறந்துவிட்டாள். பிறகு தோட்டத்தில் தேங்காய் திருடு போகிறதென்று காமிரா மாட்டியபோது, புது டிஸ்க் எதற்கு என்று, வீட்டில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கையே கழற்றிக் காமிரா பெட்டியில் போடச் சொல்லிவிட்டார். மகளின் வீடியோ எல்லாம் அதில்தான் இருந்திருக்கிறது.

"ஏனுங்க தம்பி, அவ குரல ஒருக்கா கேட்டாப் போதுமுங்க. அவங்கம்மா எங்கிட்டப் பேசறதே இல்லீங்க" என்றார்.

அந்தப் பெட்டி டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் பதியவே ஆரம்பிக்கும், அப்புறம் பழசின்மேல் புதுசைப் பதிந்துகொண்டே இருக்கும். கிடைக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மத்தியானம் வரை தேடினேன். வெறும் வாசலும் தண்ணீர்த் தொட்டியும்தான் வந்தன. அவருக்குப் புரியவைக்க அதில் ஒரு வீடியோத் துண்டை ஓடவிட்டேன். ஆளில்லாத வாசல், தொட்டி நிரம்பி வழிகிறது.

"அப்பா, மோட்டார ஆப் பண்ணுங்க, தண்ணி வீணாப் போகுது."

பெண் குரல், அவ்வளவு தெளிவாக. அந்தக் காமிராவில் மைக்கே கிடையாது. படத்தில் பொன்னுச்சாமி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார், பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் அழக்கூட இல்லை.

"போன மாசமுங்க. தூங்கிப்போட்டேன். கோகிலா கூப்புட்ட மாதிரியே இருந்துச்சுன்னு எந்திரிச்சு ஓடுனேன். ஊட்ல சொன்னா நம்ப மாட்டாங்கன்னு சொல்லலீங்க."

அந்தத் துண்டை ஒரு பென் டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாமென்று டிஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"மறுக்காவும் பெட்டியிலயே மாட்டிப்போடறனுங்க. அவங்கம்மா வாசல்ல இருக்கறப்ப ஒருக்கா வரட்டும். வந்தா பதியோணுமில்லீங்க."

அவர் போனதும், என் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த அதே துண்டை மறுபடி ஓட்டினேன். சத்தமே இல்லை. ஸ்பீக்கரைப் பார்க்கக் குனிந்தேன். காலையில் கடை திறந்ததும் நான்தான் அதன் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் போன் சார்ஜரைச் சொருகியிருந்தேன். போன் இன்னும் அதில்தான் கிடந்தது.

அந்தத் துண்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. ஸ்பீக்கரை மாட்டி ஓட்டிப் பார்க்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.