அமிர்தநாதன் சட்டையில் முட்டை நாற்றம்

என் வீட்டுக்காரர் அமிர்தநாதனுக்கு மூக்கு வேலை செய்யாது. பார்க்க எடுப்பான மூக்குதான். கல்யாணப் பேச்சின்போது எங்கள் அம்மா அதைப் பார்த்துத்தான் சரி என்றாள். ஏலத்தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் மருந்தடித்ததில் பாதி போயிற்று, கொரோனாக் காய்ச்சல் மீதியைக் கொண்டுபோயிற்று. மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றிரண்டு மாதத்தில் வாசம் திரும்பியது. இவருக்கு மூன்று வருஷமாகியும் திரும்பவில்லை.

எங்கள் ஊர் ஏலப்பாறையில் அப்போது இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. மருந்தடிப்பை விட்டபிறகு அவர் ஜீப் மெக்கானிக் ஆகியிருந்தார். "மூக்கில்லாதவன்கிட்ட எவன் வண்டிய விடுவான்? பெட்ரோல் ஒழுகுனாலும் தெரியாது, வயரு கருகுனாலும் தெரியாது" என்பார். அதனால் என் மூக்குதான் அவருக்கும். பால் திரிந்திருக்கிறதா, குழம்பு ஊசிவிட்டதா, எல்லாம் நான் சொல்ல வேண்டும். சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றி என் மடியில் போடுவார்.

"எங்கெங்க போய்ட்டு வந்தேன், சொல்லு பாப்போம்."

"டீசலு. கிரீசு. ரெண்டு பீடி."

"பீடி டிரைவர் பாண்டி குடிச்சதுட்டி. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்."

இந்த விளையாட்டில் அவர் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் இன்பமேரி. பெயரில் இருக்கிற இன்பம் குணத்தில் கிடையாது. கோபம் வந்தால் நான் கத்த மாட்டேன், வாயை மூடிக்கொள்வேன். மூன்று நாள், நாலு நாள், ஒரு வார்த்தை பெயராது. கத்துகிறவளோடு குடித்தனம் நடத்திவிடலாம், உன்னோடு முடியாது என்று அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

போன தவக்காலத்தில், மலையாளத்துக்காரரான யாக்கோபு முதலாளி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். முதலாளிக்கு ஒரு கேரவன் உண்டு. டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுவதற்காக நாங்கள் குடியிருக்கிற தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்குக் கீழே தேயிலைச் சரிவில் நிறுத்தியிருந்தார். வேன்தான், உள்ளே வீடு மாதிரி கட்டில், கேஸ் அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கும். பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி. விளக்குக்கும் ஃபேனுக்கும் அதில் இரண்டு பெரிய பேட்டரிகள். இரண்டு வருஷப் பனியும் பேட்டரி ஆசிடும் சேர்ந்து அந்தப் பெட்டியைத் தின்றுவிட்டன. அடித்தகடு கை வைத்தால் பொருபொருவென்று உதிர்ந்தது. அதைச் சரிசெய்து, இனிமேல் துருப்பிடிக்காதபடி காபந்து பண்ண வேண்டும் என்றார் முதலாளி.



"ஜீப்புன்னா சரி. இது ஆளுங்க படுத்து ஒறங்குற வண்டி. மூக்கு இல்லன்னு மொதலாளிகிட்டச் சொல்லிட்டு வேலையில கை வைங்க" என்றேன்.

"சொன்னா அந்த வேலையும் போச்சு, இருக்கிற வேலையும் போச்சு. துருவச் சுரண்டுறதுக்கு மூக்கு எதுக்குட்டி?"

"சொல்ல மாட்டீங்கல்ல? அப்ப இனிமே எம் மூக்கையும் கேக்காதீங்க."

அதோடு வாயை மூடிக்கொண்டேன். புதன்கிழமை காலை அது.

மூன்று நாளும் அவர் சுவரைப் பார்த்துத்தான் வேலைக் கதை சொன்னார். முதல் நாள் பேட்டரிகளைக் கழற்றி வெளியே வைத்தாராம். வயர் மாட்டுகிற டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்ததாம். என் அடுக்களையிலிருந்து ஆப்பசோடா டப்பாவைக் கேட்காமல் எடுத்துப்போய், தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கும்வரை கழுவினாராம். இரண்டாம் நாள் துருவைச் சுரண்டி, இற்ற இடத்தில் புதுத் தகடு வைத்து அடித்து, துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு பூசி, அது காய்ந்ததும் ஆசிடு தாங்குகிற கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தாராம்.

"பக்கத்துல வெரல் நொழையிற மாதிரி ஒரு ஓட்ட வேற. பழைய கொழாய் ஒண்ணு இத்துத் தொங்குச்சு. பிடுங்கிப் போட்டுட்டு, துணியத் திணிச்சு மேல பசை வச்சு அடச்சுட்டேன். இனி ஒரு பொட்டுப் பனி ஏறாது" என்று சுவரிடம் சொன்னார்.

மனசுக்குள் நல்லது என்றுதான் நினைத்தேன். லயத்தில் பிறந்தவர்கள் ஓட்டையைக் கண்டால் விட மாட்டோம். பனி வரும், எலி வரும் என்று கந்தலைத் திணித்துவிட்டுத்தான் மறு வேலை. ஜீப்பில் பேட்டரி காற்றோட்டமாகக் கிடக்கும். மூடின பெட்டிக்குள் கிடக்கிற பேட்டரி மூச்சு விடுவதற்குத்தான் அந்த ஓட்டை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ரப்பர் விரிப்புப் போட்டு, பேட்டரிகளை உள்ளே வைத்து, டெர்மினலில் வாசலின் தடவி, காலையிலேயே சார்ஜில் போட்டுவிட்டார். மத்தியானம் எலப்புள்ளி என்ற ஊரிலிருந்து சிவசங்கரி என்ற பெண் தன் மகளோடு வந்து கேரவனில் இறங்கினாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயசிருக்கும். பைகளை வைத்துவிட்டு இருவரும் ஜீப்பில் மலை பார்க்கப் போனார்கள்.

நாலு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார். சமாதானத்துக்கு வந்தவர் மாதிரி சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டார்.

"சொல்லு பாப்போம்."

குப்பென்று முட்டை நாற்றம் அடித்தது. தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அதுவும் வெள்ளிக்கிழமை. கடையில் போய் அவித்த முட்டை தின்றுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி என் மடியில் சட்டையைப் போடுகிறார் என்று எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. முட்டை தின்றீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் வீம்பு என்ன ஆவது? சட்டையை மூலையில் எறிந்துவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டேன். அவர் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கெல்லாம் பனி இறங்கத் தொடங்கியது. சரிவில் தேயிலை மறைந்து, கேரவனின் கூரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு ஏனோ கை ஓடவில்லை. இரண்டு தடவை முற்றத்துக்குப் போய்க் கீழே பார்த்தேன். இரண்டாம் தடவை பார்க்கும்போது, போன ஜீப் திரும்பி வந்து அவர்களை இறக்கிவிட்டுக் கொண்டிருந்தது. பிள்ளை முதலில் ஏறியது.

கோயிலில் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குப் புறப்படுமுன் துணியை அலசிப் போடலாம் என்று அந்தச் சட்டையை வாளியில் முக்கினேன். பிழிந்தபோது என் கையிலேயே கிழிந்தது. முன்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டைகள். முட்டை சட்டையைத் தின்னாது, ஆசிடுதான் தின்னும். போன வருஷம் கோயில் இன்வெர்ட்டர் பேட்டரி கொதித்து வீங்கியபோது, கோயில் முழுக்க இதே நாற்றம்தான் அடித்தது. மெழுகுவர்த்தியை எல்லாம் அணைக்கச் சொல்லி சாமியார் எங்களை வெளியே ஓடச் சொன்னார்.

வாளியை அப்படியே போட்டுவிட்டு அவரை உலுக்கினேன்.

"ஏங்க, இன்னைக்கு முட்ட தின்னீங்களா?"

"நோம்புல முட்டையா? கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"உங்க சட்டையில முட்ட நாத்தம் அடிக்குதுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"எப்பயிருந்துட்டி?"

"இப்பத்தான் மோந்து பாத்தேன்" என்றேன்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஒற்றையடிப் பாதையில் பனிக்குள் அவர் முதுகு தெரிந்தும் மறைந்தும் போயிற்று. எந்த நேரமும் கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்கும் என்று காதைப் பொத்திக்கொண்டே ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது கேரவன் கதவு திறந்திருந்தது. சிவசங்கரி ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையில் லைட்டரோடு நின்றாள். அடுப்பில் பால் பாத்திரம் இருந்தது.

"பத்த வைக்காதீங்கம்மா. எந்த சுவிச்சையும் தொடாதீங்க. பிள்ளையத் தூக்கிட்டு இறங்குங்க" என்றார் இவர்.

வாசலுக்கு வந்த எனக்கே கண் எரிந்தது. இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் போய் நின்றேன். அவர் வெளியே இருந்த கரன்ட் போஸ்ட்டுக்குப் போய் மெயினை நிறுத்திவிட்டு, வெளியே நின்றபடியே கதவு ஜன்னலையெல்லாம் விரியத் திறந்துவிட்டார். அரைமணி நேரம் யாரையும் பக்கத்தில் விடவில்லை. பிறகு பெட்டியைத் திறந்தார். ஒரு பேட்டரி பக்கவாட்டில் பானை மாதிரி வீங்கியிருந்தது. அவர் அடித்த புதுப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. திணித்த துணி ஆசிடில் ஊறி ஓட்டையிலேயே இருந்தது.

அதற்குள் யாக்கோபு முதலாளியும் வந்துவிட்டார். அப்போதுதான் அந்தப் பிள்ளை சொன்னது.

"மத்தியானமே இந்த மாமாகிட்டச் சொன்னேனுங்க, முட்ட நாத்தம் அடிக்குதுன்னு. மாமா குனிஞ்சு மோந்து பாத்துட்டு ஒண்ணுமில்லீங் கண்ணுன்னு சொன்னாருங்க."

சிவசங்கரி அவரைப் பார்த்தாள். முதலாளி அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு வாசம் தெரியாதும்மா" என்றார். "மூணு வருஷமாச்சு. வேல போயிரும்னு யார்கிட்டயும் சொல்லல. எம் மேலதான் தப்பு."

முதலாளி அவரைத் திட்டவில்லை. "மூணு கொல்லமா எங்கிட்ட ஒரு வார்த்த பறயலியேடா அமிர்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையில் கைவைத்து ஒரு கல்லில் உட்கார்ந்தார். சிவசங்கரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மூக்குலதானுங்கக்கா எம் புள்ள பொழச்சா" என்று அழுதாள்.

மறு வாரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாலு பேர் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். முதலாளி மட்டும், நான் கூடவே நிற்பதானால் அவர் வேலை செய்யட்டும் என்றார். புது பேட்டரி வாங்கி, அந்த ஓட்டையைத் திறந்து, வண்டிக்கு வெளியே போகும்படி புதுக் குழாய் போட்டோம். அவர் செய்தார், நான் பக்கத்தில் நின்று மோந்தேன்.

இப்போது யார் வந்தாலும் அவர் அந்தக் கதையைச் சொல்கிறார். கூச்சமே இல்லை. தன் தப்பை முழுசாகச் சொல்லிவிட்டு, கடைசியில் என் பக்கம் கையை நீட்டி, "இவ மோந்த அந்த நிமிசமே சொன்னா. இல்லன்னா அன்னைக்கு அந்தப் பிள்ள இல்ல" என்று முடிக்கிறார்.

பெரிய வியாழனுக்கு முன்னால், பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன் சாமி, வீட்டுக்காரரோடு மூன்று நாள் பேசவில்லை என்றேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். நாலு மணிக்கு மடியில் விழுந்த சட்டை நினைவுக்கு வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.