மெயினை இறக்கியவன்

கடைக்குக் கணினி வேலைக்கு வந்த பானுப்பிரியாவை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்காது. சிலமலை பஸ்ஸில் வந்து இறங்குவாள், யாருக்கும் ஒரு வணக்கம் கிடையாது, நேராகக் கணினி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

போடியில் எங்கள் ஏலக்காய்க் கடையின் எடைச் சீட்டு, ஏல விவரம், இருப்பு எல்லாம் எங்கோ வாடகைக்கு எடுத்த நாலு சர்வர்களில் ஓடின. பாஸ்வேர்டுகள் என் டைரியில் இருந்தன. எது நின்றாலும் குரங்கணியில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்காரன்கூட எனக்குத்தான் போன் போடவேண்டும். பதினோரு வருஷம் அப்படித்தான்.

முதலாளி சவுகத் அலி அந்த டைரியைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தார். நாலையும் ஒரே திரையில் வைத்து நடத்த ஒரு மென்பொருள் இருக்கிறதாம். ஓப்பன் சோர்ஸ், யாரும் எடுத்து ஓட்டலாமாம். சனிக்கிழமைக்குள் ஓடவில்லை என்றால் அவளுக்கு வேலை இல்லை என்றும் சொன்னார். எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை கடைக் கணினியிலிருந்து நாலு சர்வருக்கும் வேலையை ஏவிவிட்டு, விடியும்வரை ஓடட்டும் என்று போய்விட்டாள். நான் ஆறு மணிக்குக் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"எதுக்குண்ணே அமத்துனீங்க? எல்லாம் பாதியில கெட்டுக் கெடக்கு," என்றாள் மறுநாள் காலையில்.

"தீப்புடிச்சா நீயா வந்து அணைப்பே? கடையப் பூட்டுனா மெயினை அமத்துறது எங்க வழக்கம், ஆத்தா."

பொய் இல்லை. மலையில் ஒரு ஸ்டோர் எரிந்ததிலிருந்து அதுதான் வழக்கம். செவ்வாயும் அவள் வேலை ஆறு மணிக்குள் முடியவில்லை, இறக்கினேன். புதன்கிழமை முழுக்கக் கெட்டதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்து ஆரம்பித்தாள். முக்கால்வாசி முடிந்ததும் டீ குடிக்கப் போனாள். என் கை சும்மா இருக்கவில்லை.

"கரண்டு போச்சு," என்றேன். பக்கத்துக் கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு யூபிஎஸ்ஸை இரவல் வாங்கி வந்து காலடியில் வைத்துக்கொண்டு முடித்தே விட்டாள்.

சனிக்கிழமை திரையில் நாலு சர்வரும் ஓடுவதாகப் பச்சை காட்டின. "இதுக்கா ஆறு நாளு?" என்றார் முதலாளி. அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். கணினி நின்ற நேரங்கள் வரிசையாக இருந்தன: திங்கள் மாலை ஆறு, செவ்வாய் மாலை ஆறு, வியாழன் காலை பதினொன்று பத்து.

"முதலாளி, கடையப் பூட்டுனா..." என்று ஆரம்பித்தேன்.

"மகாராஜன் அண்ணே, காலையில பதினொன்னு பத்துக்கு எந்தக் கடையப் பூட்டுனீங்க?" என்றாள்.

முதலாளி என்னைப் பார்க்காமலேயே கையை நீட்டினார். கடைச் சாவியைக் கொடுத்தேன்.

இப்போது கணினிக்குத் தனி லைன் இழுத்தாகிவிட்டது. ஆறு மணிக்கு மெயினை இறக்குவதும் அவள்தான். குரங்கணி ஸ்டோர்காரன் எனக்குப் போன் போட்டு மூன்று மாதம் ஆகிறது.